எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை

அன்று வாசலில் நின்றவர்கள் இவர்கள்: அடைக்கலமாகிய நான், என் மனைவி சொர்ணவல்லி, மைத்துனர் ஆண்டிச்சாமி, சம்பந்தியம்மாள் செவந்தி, படம் எடுக்க வந்த சந்தோஷ். காருக்குள் என் மகள் இளமதியும், காலையில் அவளுக்குத் தாலி கட்டிய அரவிந்த்குமாரும்.

மற்றவர்கள் பந்தியில் இருந்தார்கள். அவர்கள் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

கார், என் அண்ணன் திருப்பதி மலேசியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சாப் டர்போ. ஸ்வீடன் நாட்டு வண்டி. விமானம் செய்த கம்பெனி செய்தது. இப்போது அந்தப் பெயரில் யாரும் கார் செய்வதில்லை. பொன்னமராவதி கடைவீதியில் அது போனால் கல்லாவில் இருப்பவர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள்.

மிதித்ததும் பாயாது. ஒரு மூச்சு யோசிக்கும். பிறகு நம் முதுகை இருக்கையோடு அழுத்திக்கொண்டு போகும்.

முன்கண்ணாடி விமானி அறையைப் போல வளைந்து நிமிர்ந்து நிற்கும். உள்ளே இருப்பவருக்குத் தெரு முழுவதும் தெரியும். எதிரே நிற்பவருக்கு உள்ளே முழுவதும் தெரியும்.

சாவி போடும் இடம் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, கியருக்குப் பக்கத்தில். ரிவர்ஸில் போட்டால்தான் சாவியை உருவ முடியும். அதனால் நிறுத்தி வைத்த சாப் எப்போதும் ரிவர்ஸில்தான் நிற்கும். கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் பின்னால் துள்ளும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். இளமதி இந்த வண்டியை ஓட்டிக்கொண்டுதான் புதுக்கோட்டைக் கல்லூரிக்குப் போய்வந்தாள்.

எங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண் யாரும் திரும்பி வந்து நின்றதில்லை. அந்தப் பெயரோடுதான் அவளை அனுப்ப நின்றேன்.

டிரைவர் வேண்டாம், எங்கள் ஊர் இலுப்பூர் வரை நானே ஓட்டுகிறேன் என்றார் மாப்பிள்ளை. கிளட்ச் விஷயத்தைச் சொன்னேன். பெங்களூரில் இதைவிடப் பெரிய வண்டிகளை ஓட்டுவதாகச் சொல்லிச் சிரித்தார்.

வண்டி தெருவைப் பார்த்து நின்றது. டயர்களுக்கு முன்னால் சொர்ணவல்லி எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் கற்பூரத் தட்டோடு காருக்கு நேர் எதிரே நின்றேன்.

சாவி திரும்பியது.

கார் பின்னால் துள்ளி, அணைந்தது. வாசலில் கட்டியிருந்த வாழைமரம் குலையோடு சாய்கிற சத்தம் கேட்டது.

பழங்கள் நசுங்காமல் கிடந்தன.

எல்லோரும் பின்பக்கம் ஓடினார்கள். சந்தோஷ் கேமராவை அங்கே திருப்பினான். செவந்தியின் குரல் மட்டும் கேட்டது.

"கெளம்பயிலயே வண்டி ஒங்க வீட்டப் பாத்துல்ல போகுது. பொண்ணும் இங்கிட்டுத்தான் ஓடியாரும் போல."

ஆண்டிச்சாமி சிரித்து மழுப்பினார்.

நான் ஒரு மூச்சு யோசித்தேன். தட்டைத் தரையில் வைத்தேன். இளமதி இருந்த பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, சாவியை உருவினேன். ரிவர்ஸில் இருந்ததால் சுலபமாக வந்தது.

"எறங்கு ஆத்தா."

இறங்கினாள். ஏன் என்று கேட்கவில்லை.

மற்றவர்கள் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. சபை கலையாமல் இருக்க வேண்டுமென்று, சகுனம் சரியில்லை, வேறு நாள் பார்த்து அனுப்பி வைக்கிறோம் என்று ஆண்டிச்சாமிதான் சொல்லிவைத்தார். அந்த வேறு நாள் வரவில்லை. கோர்ட்டில் முடித்துக்கொண்டோம்.

ஊர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. சாய்ந்த ஒரு வாழைமரத்துக்காக ரைஸ் மில் அடைக்கலம் பெற்ற மகளின் வாழ்க்கையைக் கெடுத்தார் என்றார்கள். கேட்டுக்கொண்டேன். ராசியில்லாத வண்டி, தள்ளிவிடுங்கள் என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன். இப்போது இளமதிக்கே ராசியில்லை என்று பேச்சு வந்திருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

வண்டியில் குறையில்லை. அதை ஓட்டிக்கொண்டுதான் அவள் இன்றும் வேலைக்குப் போகிறாள்.

அன்று கார் துள்ளியதும், கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி அவள் கியர் பக்கம் கை நீட்டினாள். அவன் அந்தக் கையை ஓங்கி அடித்தான்.

அவள் அழவில்லை. கண்ணாடிக்கு எதிரே நான் நிற்பதைப் பார்த்தாள். முகம் மாறாமல், கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

சகுனம் பார்த்து மகளை இறக்கினேன் என்பது பொய். வாழைமரம் சாய்ந்ததை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.