ஒரு சாண் மழு

“அவ கை வேகுறத நான் பாக்கணும்யா. அப்பத்தான் என் நெஞ்சு ஆறும்” என்று சொல்லிவிட்டு, கோட்டைச்சாமி வெற்றிலைச் சாற்றைச் சிலுவைமுத்துவின் உலைக்கூட வாசலிலேயே துப்பினான்.

கொல்லர் சிலுவைமுத்து முகத்தைச் சுளித்தார். எச்சிலைப் பார்த்து மட்டுமல்ல. ஒரு பெண்பிள்ளையின் கை வேகப்போகிறது என்றதும், அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவே பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு வந்து நின்றது. சிலர் நன்றாகத் தெரியட்டும் என்று பிள்ளைகளைத் தோளில் வேறு தூக்கி வைத்திருந்தார்கள். என்ன ஜென்மங்களோ!

யுத்த காலம். நூலுக்கு ரேஷன் வந்ததிலிருந்து முக்கால்வாசித் தறிகள் ஒட்டடை பிடித்துக் கிடந்தன. வருகிற கொஞ்சநஞ்ச நூலிலும் மூட்டை காணாமல் போனது. நெசவுக்காரி நாகமணி தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான், நூல் கிட்டங்கிக் காவல்காரனான இந்தக் கோட்டைச்சாமி.

“போலீஸுக்குப் போனா ரேஷனே நின்னுரும். அவ மழு பிடிக்கட்டும்” என்றார் தெருப் பெரியவர் வேங்கடபதி. “கை வெந்தா கள்ளி. தறியப் பிடுங்கிட்டு ஊரவிட்டு அனுப்பிருவோம். வேகலைன்னா கோட்டைச்சாமி சொன்னது பொய்யி.”

மழு என்றால் ஒரு சாண் இரும்புக் கம்பி. ஒரு முனையைச் சிவக்கக் காய்ச்சி, மறுமுனையை வெறுங்கையில் பிடித்து ஏழடி நடக்க வேண்டும். அந்தக் குட்டைக் கம்பியில் ஒரு முனை சிவப்பதற்குள் மறுமுனையும் தோலை உரிக்கிற சூட்டுக்கு வந்துவிடும். கள்ளன் பிடித்தாலும் வேகும், உத்தமன் பிடித்தாலும் வேகும். இதற்குப் பெயர் நியாயமாம். தூ!

“நான் வேதக்காரன். இந்தப் பாவத்துல என்னைய இழுக்காதீக” என்றார் சிலுவைமுத்து.

“நீரு காய்ச்சாட்டி வேற ஆளு காய்ச்சுவான்” என்றார் வேங்கடபதி.

சிலுவைமுத்து நாகமணியைப் பார்த்தார். புருஷன் இல்லாதவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். பக்கத்து வீடுதான். தினமும் விடிந்ததும் இவருடைய சம்மட்டிச் சத்தமும் அவளுடைய தறிச் சத்தமும் சேர்ந்தேதான் ஆரம்பிக்கும். நேற்றும் அப்படித்தான். அந்தக் கை வெந்தால் மூன்று வயிறு காயும்.

அப்போதுதான் மூலையில் கிடந்த அந்தக் கம்பி கண்ணில் பட்டது.

போன வருஷம் திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாயில் விழுந்த பட்டாள விமானத்தின் துண்டு அது; அதுவும் ஒரு சாண் நீளம்தான். எஞ்சின் கக்குகிற நெருப்புக் காற்றிலேயே சுற்றுகிற சக்கரத்தின் தண்டு, நிக்கல் கலந்தது என்று சாமான்களை அள்ளிப்போக வந்த பட்டாள மெக்கானிக் சொன்னான். அரிவாள் அடிக்கலாம் என்று சிலுவைமுத்து அதைக் கொண்டுவந்து காய்ச்சிப் பார்த்தார். சிவந்ததே தவிர இளகவில்லை. ஓங்கி அடித்தால் சம்மட்டிதான் எகிறியது. இரும்பில் உதிர்கிற மாதிரிச் செதிள்கூட உதிரவில்லை.

ஒருநாள் நுனி கனகனவென்று சிவந்திருக்க, மறதியாக மறுமுனையைப் பிடித்துவிட்டார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ‘சூடுகூட ஓடமாட்டேங்குதே, சனியன்’ என்று அன்றைக்கு மூலையில் எறிந்தது.

சத்தம் காட்டாமல் அதை எடுத்து உலையில் செருகினார். துருத்தி ஊத ஊத நுனி பழுத்தது. வேங்கடபதி ஒரு வைக்கோலை நீட்டினார், குப்பென்று பற்றியது. கூட்டம் வாயைப் பிளந்தது. மறுமுனையை மட்டும் ஒருத்தரும் தொட்டுப் பார்க்கவில்லை.

“பயப்படாத தாயி. இந்த முனையில பிடி, வெரசா நட” என்று முணுமுணுத்தார் சிலுவைமுத்து.

நாகமணி பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தாள். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து கம்பியைப் பார்த்தாள். ஏழடியும் நிதானமாக நடந்து, அதை மணலில் போட்டுவிட்டு உள்ளங்கையை விரித்தாள். ஒரு கொப்புளம் இல்லை.

“சௌடம்மா, தாயே!” என்று குலதெய்வத்தைக் கூவிக்கொண்டு கூட்டம் அவள் காலில் விழுந்தது. எழுந்த கையோடு கோட்டைச்சாமி மேல் பாய்ந்தது.

“எங்கண்ணால பாத்தேன்யா! எம்பிள்ள மேல சத்தியமாப் பாத்தேன்யா!” என்று அவன் கதறக் கதற, வேட்டியை உருவி, பாளையம்பட்டி வரைக்கும் செருப்பாலேயே அடித்து விரட்டினார்கள். அதையும் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொன்ன வாய்க்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, சிலுவைமுத்து அவன் போன திசையில் காறித் துப்பினார்.

மத்தியானம் நாகமணி உலைக்கூடத்துக்கு வந்து, கண் கலங்கக் கும்பிட்டாள்.

“எனக்கு எதுக்குத் தாயி கும்பிடு? குத்தமில்லாத கை வேகக் கூடாதுன்னுதான் ஊர ஏச்சேன். கர்த்தர் மன்னிப்பாரு” என்றார் சிலுவைமுத்து.

நாகமணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அந்தக் கம்பியப் பத்திரமா வையிங்கண்ணே. அடுத்த மாசமும் நூல் லோடு வருது.”