எதிராளி மேசைக்குப் போன கோப்பு

அனுப்பக் கூடாத கோப்பு எதிராளி வக்கீல் ஹார்லன் டப்ஸுக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை மார்ஷல் ஊர்க் கோர்ட்டில் விசாரணை. இன்று வெள்ளி.

"எவன் அனுப்பினது?" ராய்ஸ் மேக்கி கத்தினார். கிழக்கு டெக்சஸில் மென்பொருள் காப்புரிமை வழக்கென்றால் முதலில் வாயில் வரும் பேர் அவருடையது.

"மிஷின்," என்றாள் டாலி. அவருடைய ஆபீஸைக் கட்டி மேய்ப்பவள். "எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டியது எது, காட்டக் கூடாதது எதுன்னு அதுவே பிரிச்சுக் கொடுத்திடும்னு நீங்கதானே வாங்கிப் போட்டீங்க? பிரிச்சுக் கொடுத்திடுச்சு."

"வாயை மூடு."

"மூடிட்டேன்."

தனக்கென்று ராய்ஸ் எழுதி வைத்த கோப்பு அது. நம் வழக்கில் ஓட்டை எங்கே, எந்தக் கேள்வி கேட்டால் கவிழ்வோம், எல்லாம் அதில்.

கட்சிக்காரி பெர்னிஸ் லாட். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தவள். காப்புரிமையும் வாங்கியிருந்தாள். ஒரு பெரிய கம்பெனி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. வீட்டை அடகு வைத்து வழக்காடுகிறாள். தோற்றால் தெரு.

"தவறி வந்ததைப் படிக்காம திருப்பித் தரணும்னு விதி இருக்கே," என்றாள் டாலி.

"விதியாம் விதி! பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. ஹார்லன் டப்ஸ் வேண்டாம்பானா? இந்நேரம் வரிக்கு வரி கோடு போட்டிருப்பான். முட்டாளைத் தவிர எவன் படிக்காம கொடுப்பான்?"

"எதுக்கும் கேட்டுப் பாருங்க."

எழுதிக் கேட்டார். பதில் இல்லை.

டாலி வாங்கி வைத்த பிரிஸ்கெட் கறி ஆறிப் போனது. ராய்ஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தது. பெர்னிஸ்.

"எல்லாம் நல்லாப் போகுதா, ராய்ஸ்?"

"போகுது."

வைத்துவிட்டார்.

சாயங்காலம் டப்ஸே கூப்பிட்டார்.

"என்ன கிழட்டு நரி, வேர்த்து ஊத்துதா?"

"படிச்சியா?"

"இல்ல."

"சும்மா சொல்லாதே."

"பைபிளைக் கொண்டா, கை வைக்கிறேன். பகலெல்லாம் நான் டாலஸ்ல. இங்க என் ஜூனியர் திறந்திருக்கா. தலைப்பைப் பார்த்ததும் மூடிட்டா. யாரையும் தொடவிடல. நாளைக்குக் காலையில உன் கைக்கு வந்துடும்."

ராய்ஸுக்கு மூச்சு வந்தது.

"இன்னொண்ணு கேளு," என்றார் டப்ஸ். "நான் வந்ததும் வராததுமா அந்தப் பொண்ணு நடுங்கிக்கிட்டு நிக்கிறா. 'படிக்காம திருப்பி அனுப்பினா என் வேலை போயிடுமா சார்?'ங்கிறா. இதுக்குப் போய் எவன்மா வேலையை விட்டுத் தூக்குவான்னேன். போன ஆபீஸ்ல தூக்கினாங்களாம். எந்த ஆபீஸ்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை; இந்த ஆபீஸ்தான்.

போன கோடையில், வேறொரு வழக்கில், எதிராளியின் கோப்பு தவறி இங்கே வந்தது. அதைப் படிக்காமல் திருப்பி அனுப்பிய பெண்ணை, பிழைக்கத் தெரியாதவள் என்று ஆபீஸே பார்க்கத் திட்டி, அன்றைக்கே வெளியே அனுப்பியவர் அவர்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்," என்றார் ராய்ஸ். "அந்தப் பொண்ணு மிரியம் ஓட்டிஸ்தானே?"