திருஇருதயப் படத்துக்குப் பின்னால்

பூசையிலிருந்து வந்த டீலியா தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாற்காலிமேல் ஏறி நிற்கிறாள். உழைப்பாளிகளுக்கே அயர்லாந்து என்று கிளம்பிய சேர் ஏரா இயக்கத்துக்கு மூன்று வாரந்தான் வயது; கத்தோலிக்கர் எவரும் அதில் சேரக் கூடாது என்ற ஆயர்களின் கடிதத்தைப் பங்குச் சாமியார் இன்று வாசித்துவிட்டார். இனி வீட்டுக்குப் போலீஸும் வரும். கணப்பில் விறகுக்குப் பதில் சதுப்புமண் கட்டி புகைகிறது. அவள் புருஷன் டின்னி இயக்கத்தின் துண்டறிக்கைக் கட்டை மேலே நீட்டுகிறான். சுவரிலுள்ள திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் அதைச் செருகுகிறாள். படத்தடியில் எரியும் சிவப்பு விளக்கின் ஒளி அவள் கன்னத்தில் ஆடுகிறது. "பாவமில்லையாடி?" என்கிறான் டின்னி. "போலீஸ்காரன் இவருக்குத் தொப்பியைக் கழட்டுவான், படத்துல கை வைக்க மாட்டான்." "ஆண்டவர் கோவிச்சுக்கிட்டா?" அவள் படத்தை நேராக்கிச் சிலுவை போட்டுக்கொள்கிறாள். "தச்சு வேலை பாத்தவருய்யா அவரு. இதைப் படிச்சா நம்ம பக்கந்தான் வருவாரு."