ரெண்டேகால் இஞ்ச்

“இதைப் போட்டா வாய்க்கால் மேடு ஏறுமுங்களா?”

ஜெனிட்டா கேட்டதும் மெக்கானிக் சிவபிரகாஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரின் உயரத்தைக் குறைக்கச் சொல்லி நாமக்கல்லில் அவருடைய பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் மீசை முளைத்தும் முளைக்காத பையன்கள். அவர்கள் மேட்டைப் பற்றியா கேட்பார்கள்? இந்த அம்மணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மணப்பெண்களுக்கு மேக்கப் போடுவது தொழில். கையில் பெரிய அலங்காரப் பெட்டி வேறு.

மேஜை மேல் மூன்று ஜோடி ஸ்பிரிங்குகளை எடுத்து வைத்தார். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால் வண்டி தரையோடு தாழ்ந்து உட்காரும். முதல் ஜோடி ஒரு இஞ்ச் இறக்கும், அடுத்தது ஒன்றரை, கடைசி ஜோடி முழுசாக ரெண்டேகால்.

“ஒரு இஞ்ச்சுதானுங்க. வாய்க்கால் மேடென்ன, எல்லா மேடும் ஏறும். பொம்பளைங்க ஓட்டுற வண்டிக்கு இதுவே சாஸ்தி” என்றார்.

ஜெனிட்டா அந்த ஜோடியை ஓரமாகத் தள்ளிவிட்டாள். “அடுத்தது?”

பேச்சை மாற்றலாம் என்று சிவபிரகாஷ் காரின் டிக்கியைத் திறந்தார். உள்ளே மக்காச்சோளத் தூளும் தவிடும் ஒரு படி தேறும். பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் நொந்துபோயிருந்தன. ஊரில் பாதிப் பேர் கோழி வளர்க்கிறார்கள், இந்த வீட்டிலும் நாலு கோழி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மற்றபடி வண்டி நல்ல வண்டி. இதைப் போய்க் கெடுக்கப் பார்க்கிறாளே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

“ஒன்றரை இஞ்ச்சும் மேடு ஏறுமுங்களா?” என்று அவள் விடாமல் கேட்டாள்.

கோணலாக விட்டு ஏற்றினால் ஏறும் என்றார் அவர். அந்த ஜோடியும் ஓரத்துக்குப் போனது.

லாரியைப் பட்டறையில் விட்டுவிட்டுக் காத்திருந்த டிரைவர் சின்னுசாமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அம்மணி ரேஸுக்குப் போறாங்களாட்ட இருக்குது” என்றார்.

“ஆமாங்ணா. ஜெயிச்சா உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்” என்றாள் ஜெனிட்டா, திரும்பிக்கூடப் பார்க்காமல். சின்னுசாமி டீ டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

சிவபிரகாஷுக்குக் கோபமே வந்துவிட்டது. கடைசி ஜோடியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார்.

“கேட்டுக்குங்க அம்மணி. இதப் போட்டா காட்டுக்குப் போற இட்டேரிப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது. மண் தடத்துல எறங்குனா அடிவயிறு தட்டும். டிக்கியில ஒரு மூட்டை வெச்சாலே டயர் மேல ஒரசும். வாய்க்கால் மேட்டுல ஏத்துனீங்கன்னா, முன்னாலயும் போவாது, பின்னாலயும் வராது. டிராக்டர் கட்டித்தான் இழுக்கோணும்.”

“தார் ரோட்டுல?”

“தார் ரோட்டுல ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க.”

“கல்யாண மண்டபத்துக்கெல்லாம் தார் ரோடுதானுங்க. இதையே போடுங்க.”

அவளோடு பேசிப் பயனில்லை என்று அவருக்குப் புரிந்தது. கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “ஊட்டுக்காரரு என்ன சொல்றாருங்க?”

“அவரு பெனடிக்ட். யார் என்ன கேட்டாலும் மாட்டேன்னு சொல்லத் தெரியாத மனுசன்” என்றாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஏனுங்க, நாலு வருசம் நின்னுகிட்டே மேக்கப் போட்டு நான் வாங்குன கார் இது. என் தொழிலுக்குன்னு வாங்குனது. மணப்பொண்ணு வீட்டு வாசல்ல நேரத்துக்குப் போயி எறங்கோணும். எனக்கு வேற ஆசை இல்ல. ஊரு சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போவுட்டும்.”

நேரத்துக்குப் போவதற்கும் தாழ்த்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று சிவபிரகாஷ் கேட்கவில்லை. பகட்டு என்று ஒன்று வந்துவிட்டால் ஆணும் ஒன்றுதான், பெண்ணும் ஒன்றுதான் என்று முணுமுணுத்தபடி ஜாக்கியை உருட்டினார்.

சாயங்காலம் வேலை முடிந்து கார் கீழே இறங்கியபோது, பட்டறை நாய்கூட அதற்கடியில் படுக்க முடியாமல் முறைத்துப் பார்த்தது. ஜெனிட்டா குனிந்து பார்த்தாள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

அப்போது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள். “என் ஊட்டுக்காரரோட அண்ணன், சேவியர்ராஜ்” என்று சிவபிரகாஷிடம் சொல்லிவிட்டு, “சொல்லுங்க மாமா” என்றாள்.

“நாளைக்குக் காரை நான் எடுத்துக்கறேன். வாய்க்கால் மேடு தாண்டி, சேந்தமங்கலத்துக் கோழிப்பண்ணைக்கு அஞ்சாறு தீவன மூட்டை ஏத்தோணும். தம்பிகிட்டச் சொல்லிட்டேன், சரின்னுட்டான்.”

“நாளைக்கு எனக்குத் திருச்செங்கோட்டுல முகூர்த்தம் இருக்குதுங்களே மாமா.”

“அதுக்கென்ன? எப்பவும் போற மாதிரி பஸ்ஸுல போயிக்க.”

சிவபிரகாஷ் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது. டிக்கியில் கிடந்த தவிட்டுத் தூள் அவர் கண்முன் வந்து போனது.

“தாராளமா எடுத்துக்குங்க மாமா. பெரியவங்க கேட்டு நான் என்னைக்கு இல்லீன்னு சொல்லியிருக்கேன்?” என்ற ஜெனிட்டா, போனை எடுத்துச் சிவபிரகாஷின் வாய்க்கு நேராக நீட்டினாள். “ஏனுங்க, காலையில எங்கிட்டச் சொன்னீங்கல்ல, இட்டேரி, மூட்டை, வாய்க்கால் மேடு... அதையெல்லாம் எங்க மாமாவுக்கும் ஒண்ணு விடாமச் சொல்லிருங்க.”