மூன்றாவது கவுண்டர்

நோயைக் குணப்படுத்துபவர் மருத்துவர் என்றொரு மூடநம்பிக்கை படித்தவர்களிடையேகூடப் பரவலாக இருக்கிறது. வருத்தத்துடன் திருத்த வேண்டியிருக்கிறது. மருத்துவர் சிபாரிசு மட்டுமே செய்கிறார். குணப்படுத்துவது காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாவது கவுண்டர்.

அந்தக் கவுண்டரில் இருந்தவருக்கு ‘நொட்டை’ என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, வரிசையில் நின்றவர்கள் ஒருமனதாகச் சூட்டியது.

லிஃப்ட் மெக்கானிக் முதல் தடவை போனபோது, நொட்டை கோப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரி முத்திரை மங்கலா இருக்கு.”

“படிக்க முடியுதே சார்?”

“உங்களுக்கு முடியுது.”

‘குறையுடன் திருப்பப்பட்டது’ என்று ஒரு முத்திரை விழுந்தது. அது மட்டும் பளிச்சென்று இருந்தது.

மெக்கானிக்கின் மகளுக்கு ஒன்பது வயது. மூளையில் அழற்சி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறதாம். வேலியே பயிரை மேய்கிற கதை. ஒரு நாள் காலையில் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை. மறுவாரம் அம்மாவைப் பார்த்து, “நீங்க யாரு ஆன்ட்டி?” என்றாள்.

மாதம் ஒரு முறை நரம்பில் ஏற்றும் மருந்து. முதல் டோஸுக்கு ஸ்கூட்டர் போயிற்று. இரண்டாவதற்கு மனைவியின் வளையல்கள். “அம்மா” என்ற சொல் திரும்பி வந்தது. மூன்றாவது டோஸ் இருபதாம் தேதி. வீட்டில் விற்க மிச்சமிருந்தது கொடியில் காயும் துணிதான். அதை யாரும் விலை கேட்கவில்லை.

இரண்டாம் தடவை, பக்க எண் இல்லை என்று கோப்பு திரும்பியது.

“ரெண்டாவது கவுண்டர் அம்மாகிட்ட குடுக்கக் கூடாதாங்க? வர்றவங்களையெல்லாம் ‘கண்ணு’ன்னு கூப்பிட்டு, குடுத்த உடனே வாங்கிக்கிறாங்களாம்” என்றாள் மனைவி.

“மாத்த முடியாதாம். இந்த ஆளுக்கு வாக்கப்பட்டாச்சு.”

மூன்றாம் தடவை, பன்னிரண்டாம் தேதி.

“டாக்டர் கையெழுத்து ஊதா மையில இருக்கு. கறுப்புலதான் இருக்கணும்.”

“போன ரெண்டு தடவையும் இதே ஊதாதானே சார்!”

“அப்போ கண்ணுல படல.”

“உங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கா சார்?”

“டோக்கன் நாற்பத்தேழு” என்று அடுத்தவரைக் கூப்பிட்டார் நொட்டை. முத்திரை குத்திய கோப்பை இந்த முறை கையில்கூடத் தரவில்லை. தன் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

ஊரையே மேலே ஏற்றி இறக்கும் மெக்கானிக், பழுதான லிஃப்டைத் திரும்பியும் பார்க்காமல் நான்கு மாடி படியேறிப் போய் மேலாளரிடம் புகார் கொடுத்தார். இரண்டு பக்கம். பக்க எண் போட்டு, கறுப்பு மையில்.

பதினெட்டாம் தேதி தொலைபேசி வந்தது. காப்பீட்டு அலுவலகத்தின் மருத்துவர் குழுவிலிருந்து ஒரு பெண்மணி.

“உங்க பொண்ணு மருந்துக்கு அனுமதி குடுத்தாச்சு சார். ஒரு வருஷத்துக்கு.”

“அந்தாளு ஃபைலையே வாங்கலையேம்மா! மூணு தடவை திருப்பிட்டாரே!”

“அதனாலதான் எங்ககிட்ட வந்துச்சு. மூணு தடவை திருப்பின ஃபைலை டாக்டருங்க பார்த்தே ஆகணும். விதி அப்படி. முதல் தடவையே வாங்கியிருந்தா கம்ப்யூட்டர்தான் பார்த்திருக்கும். இந்த மருந்து அதோட பட்டியல்ல இல்ல. அன்னைக்கே தள்ளியிருக்கும். அப்புறம் ஒரு வருஷம் மனுவே போட முடியாது.”

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்த புகார் நகலை வெளியே எடுத்தார்.

“இதை வெளியில சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா விதியையே மாத்திடுவாங்க. இந்த மாதிரிப் பிள்ளைங்க ஃபைல் எல்லாம் அந்த மூணாவது கவுண்டர்லேருந்துதான் வருது. ரெண்டாவதுலேருந்து இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்ல.”

மறுநாள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, புகாரைத் திரும்பப் பெற ஓடினார். தாமதத்துக்குப் பேர்போன அந்த அலுவலகம், இந்த ஒரு காரியத்தில் மட்டும் சுறுசுறுப்பு காட்டியிருந்தது.

மூன்றாவது கவுண்டரில் புதிதாக ஒருவர். சிரித்த முகம். தோளில் குழந்தையோடு நின்ற ஒரு தாய், அதே ஆஸ்பத்திரியின் கோப்பை நீட்டினாள்.

அவர் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.