பாக்கியமேரி கேட்ட சத்தம்

அரியமங்கலம் பட்டறையின் தகரக் கூரையில் மத்தியான வெயில் கொதிக்கிறது. செத்துப்போன அப்பாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பல வருடங்கள் பூட்டியே கிடந்தது. அதன் கார்புரேட்டர்களைக் கழற்றி, பிசினாக உறைந்திருந்த பெட்ரோலைச் சுரண்டி, நுண்துளைகளை ஊதிச் சுத்தம்செய்து மறுபடி பொருத்தியிருக்கிறாள் லின்சி. "இப்ப கேளுங்கம்மா" என்று சாவியைத் திருப்புகிறாள். கார் இருமுகிறது, கரும்புகை கக்குகிறது, பிறகு ஒரேயடியாக உறுமுகிறது. பார்க்க வந்திருந்த அம்மா பாக்கியமேரி இரு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டுகிறாள். வாசலில் இந்தச் சத்தம் கேட்டபோதெல்லாம் கணவனின் பெல்ட் அவள் மேல் விழுந்திருக்கிறது. "அம்மா, அவர் இல்லம்மா!" லின்சி அவசரமாக எஞ்சினை அணைக்கிறாள். பாக்கியமேரி கைகளை மெதுவாக இறக்குகிறாள். மேசையில் கிடக்கும் சுத்தியலை எடுக்கிறாள். முதல் அடியில் கார்புரேட்டரின் மூடி தெறிக்கிறது. அடுத்த அடியில் அலுமினியம் பிளந்து பெட்ரோல் வழிகிறது. "தீப்பிடிச்சிரும்மா!" லின்சி பாய்ந்து பேட்டரி வயரைப் பிடுங்குகிறாள். அம்மாவைத் தடுக்க நீண்ட கை பாதியிலேயே நிற்கிறது. கண்ணாடி உடைகிறது, தகரம் நசுங்குகிறது. அந்த இரைச்சலுக்கு மேலே பாக்கியமேரியின் குரல் கிழிந்து வருகிறது: "அடிக்காதீங்கன்னு சொன்னேன்ல! அடிக்காதீங்கன்னு சொன்னேன்ல!"