கயிறில்லாத முதல் நாள்

ராஜாளியின் காலில் கட்டியிருந்த நீளக் கயிற்றை அன்று காலை, அதைப் பழக்கிவந்த சாதிக் அவிழ்த்துப் புல்லில் போட்டார். நாற்பது நாளாக அந்தக் கயிற்றோடுதான் அது பறந்து பழகியிருந்தது. இன்று வெறுங்காலோடு பறந்து, தூரத்துப் பனையில் போய் உட்கார்ந்துகொண்டது.

சாதிக் தோல் கையுறை மாட்டிய கையை நீட்டி, இறைச்சித் துண்டைக் காட்டி விசிலடித்தார். ராஜாளி அசையவில்லை.

“போச்சு! இத்தனை நாளும் அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். என்னைக் கழற்றிவிட்டால் வேறென்ன ஆகும்?” என்றது கயிறு.

“நீ ஒரு நாளாவது இழுத்தியா அண்ணே? அது பறந்து வரும், நீ பின்னாலேயே புல்லுல புரண்டுகிட்டு வருவே,” என்றது கையுறை. பேச்சுதான் தைரியமாக வந்தது. உள்ளுக்குள் அதற்கும் உதறல். ராஜாளி திரும்பாவிட்டால் ஒற்றைக் கையுறையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்?

வெயில் ஏறியது. ஆனாலும் சாதிக் நீட்டிய கையை இறக்கவில்லை.

விர்ரென்று ஒரு சத்தம். ராஜாளி தொப்பென்று கையுறையில் வந்து இறங்கியது.

“ஏம்ப்பா இவ்வளவு நேரம்?” என்றது கையுறை, நகம் குத்தியதையும் மறந்து.

“வரணுமா வேண்டாமான்னு நான் இதுக்கு முன்னாடி யோசிச்சதே இல்லையே. இன்னிக்குத்தான் யோசிச்சேன்,” என்றது ராஜாளி, இறைச்சியைக் கிழித்தபடி.